தாராவி அண்ணாச்சியும் ஷிலிங் பக்கிளும்

பெரியமேட்டில் இருக்கும் எங்கள் பை பட்டறைக்கு ஜிப், ரன்னர், பக்கிள் எல்லாம் மும்பையிலிருந்துதான் வரும். மும்பைக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போனால், பாதிக்கு மேல் குவாங்சோ நகரத்தை ஒட்டிய ஷிலிங்கில் போய் நிற்கும். தோல் பையும் அதன் உதிரிகளும்தான் அந்த ஊருக்குப் பிழைப்பு. நாமே நேரடியாக இறக்குமதி செய்தால் என்ன என்ற எண்ணம் வந்ததும், முதலில் தாராவிக்குப் போய்விட்டு வா என்றார் அப்பா. அங்கே அவருக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவர் பல வருடமாக இந்த வேலைதான் செய்கிறார்.

தாதரில் இறங்கி, லோக்கல் ரயிலில் சயான் போய், அங்கிருந்து நடந்தேன். தொண்ணூறு அடி சாலைக்குள் நுழைந்தால் தமிழ்ப் பலகைகளும் தமிழ்ப் பேச்சும்தான். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் தொழிலில் இருக்கும் இடம். பதனிடும் வேலை பெரும்பாலும் இங்கிருந்து போய்விட்டது. பை, பர்ஸ், பெல்ட் தைப்பது இன்னும் சந்து சந்தாக நடக்கிறது.

அண்ணாச்சி கடைச் சுவரில் வரிசையாக ஆணி. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கிள், பக்கத்தில் தேதி எழுதிய சீட்டு. விற்கத்தான் மாட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. புதிதாக எந்தச் சரக்கு வந்தாலும் அதில் ஒன்றை எடுத்து மும்பை மழைக்காலம் முழுக்கத் தொங்கவிடுவாராம். இந்த ஊர் ஈரக்காற்றில் மட்டமான முலாம் சீக்கிரமே கறுத்துவிடும், சிலது பச்சை பிடிக்கும். மாதாமாதம் படம் எடுத்து ஷிலிங் தொழிற்சாலையில் ஏற்றுமதி பார்க்கும் பெண்ணுக்கு அனுப்புகிறார். பணத்தைத் திருப்பிக் கேட்பதற்காக அல்ல, தகவலுக்காக. அந்தப் பெண் அந்தப் படங்களை முலாம் பூசும் வெளி ஆளிடம் காட்டித் தரத்தை மாற்ற வைத்திருக்கிறார். இப்போது மும்பைக்கு அனுப்பும் சரக்குக்கு முலாம் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று இவர் கேட்காமலேயே அங்கிருந்து எழுதுகிறார்கள்.

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதுதான் என்று சொல்வேன். சீனர்களோடு உறவு என்றால் விருந்து, பரிசு, விசிட்டிங் கார்டை இரண்டு கையால் கொடுப்பது என்றுதான் பலரும் சொல்லித் தருகிறார்கள். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் தன் முதலாளியிடம் பேச உதவும் ஒரு தகவலை நாம் கொடுத்தால், அவர் நம்மை மறப்பதே இல்லை. 2020 ஜூனில் இந்தியாவில் வீசாட் என்ற சீனச் செய்திச் செயலி தடைசெய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்த பலருக்குச் சீனத் தொடர்பு அறுந்துபோனது. அண்ணாச்சியை மின்னஞ்சலில் தேடிப் பிடித்தது அந்தப் பெண்தான்.

“சரக்கு வந்தப்புறம் சண்டை போடக்கூடாது தம்பி. சாம்பிள்லயே போட்டுரணும்” என்றார். ஒத்துக்கொண்ட சாம்பிளில் இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்கிறார்கள். முப்பது சதவீதம் அட்வான்ஸ், மீதி எழுபது, சரக்கு கப்பலில் ஏறியதைக் காட்டும் பில் ஆஃப் லேடிங் நகல் வந்தபின். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், அது யார் பெயரில் வந்தாலும் சரி, வீடியோ அழைப்பில் முகம் பார்த்து உறுதி செய்யாமல் ஒரு ரூபாய்கூட அனுப்புவதில்லை. மின்னஞ்சலுக்குள் புகுந்து கணக்கு எண்ணை மாற்றும் திருட்டு இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது.

சீனப் புத்தாண்டையும் கணக்கில் வைக்க வேண்டும். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். மூடுவதற்கு முந்தைய வாரங்களில் அவசரத்தில் தரம் இறங்கும். திறந்தபின் பழைய ஆட்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. அதனால் அண்ணாச்சியின் பெரிய ஆர்டர் எல்லாம் தீபாவளிக்கு முன்பே போய்விடும்.

மறுநாள் என்னை மஜ்காவுக்கு அழைத்துப் போனார். டாக்யார்ட் ரோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1919இல் கட்டிய சீ யுப் கூன் என்ற சீனக் கோயில் இருக்கிறது. துறைமுகத்துக்கு வந்து தங்கிய கான்டன் (குவாங்சோவின் பழைய பெயர்) பக்கத்துச் சீனர்கள் எழுப்பியது. மாடியில் குவான் குங் சன்னிதி. போரில் பேர்பெற்ற வீரர், சொன்ன சொல் தவறாதவர் என்று வியாபாரிகளும் கும்பிடும் தெய்வம். அண்ணாச்சி ஊதுபத்தி ஏற்றி, நம் ஊர் அம்மன் முன் நிற்பதுபோலவே கைகூப்பி நின்றார். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை இன்னும் கூடியது.

நவசேவாவில் துறைமுகத்துக்கு உள்ளே போக முடியவில்லை. உரண் சாலையில் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்ததோடு சரி. அங்கே வந்திருந்த சுங்கத் தரகர் சொன்னது பயனுள்ளது: இறக்குமதி செய்யத் தேவையான ஐ.இ.சி. எண் எடுத்தபின், ஆர்டர் போடுவதற்கு முன்பே சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். கோடையும், பொருளுக்கு பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர முத்திரை தேவையா என்பதையும் கேட்டுவிட வேண்டும். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். சரக்கு துறைமுகத்தில் இறங்கியபின் கேட்டால் டிமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓட ஆரம்பித்துவிடும்.

2024-25இல் சீனாவிலிருந்து இந்தியா வாங்கியது சுமார் 11,300 கோடி டாலருக்கு, விற்றது சுமார் 1,400 கோடிக்கு. இந்த இடைவெளி என்னை உறுத்துகிறது. வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பதனிட்ட தோல் சீனாவுக்குப் போகிறது. பக்கிள் வாங்கும் அதே ஊரில் பை செய்கிறவர்களுக்கு நம் தோலைக் காட்டினால் என்ன என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். உடனே போனை எடுத்து அந்தப் பெண்ணுக்கு எழுதினார். ஆட்டுத்தோல் சாம்பிள் அனுப்பச் சொல்லி அன்று மாலையே பதில் வந்தது, எந்தக் கனம், எந்த நிறம் என்ற விவரத்தோடு.

முதல் பக்கிள் ஆர்டரைத் தனிக் கன்டெய்னர் எடுக்காமல், மற்றவர் சரக்கோடு கன்டெய்னரைப் பங்கிடும் எல்.சி.எல்.லில் சிறிதாகப் போடுகிறேன். குவாங்சோவில் 1957 முதல் நடக்கும் கான்டன் சந்தை என்ற வணிகக் கண்காட்சியில் பைகளும் பெட்டிகளும் மூன்றாம் கட்டத்தில் வரும், வசந்தகாலச் சந்தையில் அது மே மாதத் தொடக்கம். கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு நேரடி விமானம் 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கிவிட்டது. விசா கிடைத்ததும் அண்ணாச்சியோடு கிளம்புகிறேன், தோல் சாம்பிள்களை எடுத்துக்கொண்டு.