ஆயிரமாவது அட்டை

இன்றைக்கு என் கிரிக்கெட் அட்டைக் கணக்கு ஆயிரத்தைத் தொட்டுவிட்டது. ராத்திரி தூக்கம் வருமா தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்!

தொண்ணூறுகளில் சத்துவாச்சாரி பெட்டிக்கடையில் பிக் ஃபன் பபிள் கம் வாங்கினால் வீரர் படம் வரும். கம்மை வாயில் போடும் முன்பே யார் வந்திருக்கிறார் என்று பார்ப்போம். அப்போது பிடித்த பைத்தியம் இது.

ஆயிரமாவதாக வந்தவர் கும்ப்ளே. குடியாத்தத்தில் ஒரு அண்ணன் கொடுத்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார். என்னிடம் இரண்டாக இருந்த ஸ்ரீநாத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். அட்டையின் இடது மூலை மடங்கியிருக்கிறது, மேலே குண்டூசி குத்திய துரு வட்டம். எனக்கு அதுவும் அழகுதான்.

1999 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லாவில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் 74 ரன்னுக்குக் கும்ப்ளே ஒருவரே எடுத்ததைப் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தேன். ஒன்பது விழுந்த பிறகு, பத்தாவதும் அவருக்கே போகட்டும் என்று மறுமுனையில் ஸ்ரீநாத் ஸ்டம்பை விட்டுத் தள்ளித் தள்ளிப் போட்டார் பாருங்கள், அந்த மனசு! கடைசியில் வாசிம் அக்ரம் அடித்ததை லட்சுமண் பிடித்ததும் தெருவே கத்தியது.

அட்டையை லேமினேட் செய்யச் சொல்கிறார்கள் சிலர். தயவுசெய்து செய்யாதீர்கள், ஒட்டினால் பிரிக்கவே முடியாது. பிளாஸ்டிக் உறை போதும்.

சரி, வேலூர், காட்பாடி பக்கம் யாரிடமாவது ராபின் சிங் அட்டை இருந்தால் சொல்லுங்கள். நானே வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.