மிளகு எங்கிருந்து வந்தது?

பிரான்சின் லியோன் நகரில் வேலை பார்க்கும் அத்தான் விடுமுறைக்குக் காரைக்குடி வந்தபோது, சிரா என்ற திராட்சையில் செய்த ஒரு சிவப்பு ஒயின் கொண்டுவந்தார். ரோன் பள்ளத்தாக்கின் வடபகுதியில், கோர்னாஸ் என்ற ஊரில் விளைந்தது. நேற்று இரவு மொட்டைமாடியில் திறந்தோம்.

முதல் மடக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பழச்சாற்றை எதிர்பார்த்த நாக்கில் புகையும் பதனிட்ட தோலும். அரை மணி நேரம் கண்ணாடிக் குவளையில் விட்டுவைத்து மீண்டும் முகர்ந்தேன். அப்போதுதான் வந்தது, இடித்த மிளகின் வாசனை! அதற்கும் அடியில், மசாலா டப்பாவைத் திறந்ததும் எழுமே, அந்தக் கல்பாசி வாசனை.

"மிளகை ஊறவைத்திருக்கிறார்களா அத்தான்?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். ரோட்டன்டோன் என்ற பொருள்தான் காரணமாம். மிளகிலும் இருக்கிறது, சிரா திராட்சையின் தோலிலும் இருக்கிறது. 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது. எங்கள் சின்ன மாமா அந்த ஒருவர் போலும். "வெறும் புளிப்பு" என்று தள்ளிவைத்துவிட்டார்.

நான் செய்த தவறு, வரமிளகாய் அள்ளிப் போட்ட உப்புக்கறியைத் தொட்டுக்கொண்டது. மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் கூட்டிவிடுகிறது, துவர்ப்பும் முரடாகிவிடுகிறது. மிளகுக் கோழிதான் பொருத்தம். இன்னொன்று, பாட்டிலைச் சற்றுக் குளிரவைக்க வேண்டும். 16 முதல் 18 டிகிரி சரி. காரைக்குடியின் அறை வெப்பத்தில் கஷாயம்தான் மிஞ்சும்.

காலையில் ஆச்சி காலிக் குவளையை முகர்ந்துவிட்டுக் கேட்டார்: "இதில் யாரப்பா ரசம் குடித்தது?"