'வேண்டாம்' என்ற பதிலுக்கு இடம் தராத விற்பனை

கடையில் பில் போடும் இடத்துக்குப் போனால், தொகையைச் சொல்வதற்கு முன்பே "நம்பர் சொல்லுங்க சார்" என்று கேட்கும் வழக்கம், பெரிய ஜவுளிக்கடை தொடங்கி தெருமுனை மருந்துக்கடை வரை வேரூன்றிவிட்டது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். கைபேசி எண்ணைத் தட்டினால்தான் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகும் என்பார்கள். வாங்க வந்தவரும் நமக்கேன் வம்பு என்று எண்ணைச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். எண்ணைத் தராவிட்டால் பொருளைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆயினும் இன்றுவரை பில் போடுபவர் அதைக் கேட்கத்தான் செய்கிறார், நாமும் சொல்லத்தான் செய்கிறோம்.

இப்படி ஒருமுறை எண் கைமாறிய பிறகு நடப்பதுதான் என்னை வருத்துகிறது. வீட்டுக்கடனுக்கு எவ்வளவு வட்டி என்று ஒரு நிதி நிறுவனத்தில் விசாரித்தேன். வேறு இடத்தில் கடன் கிடைத்துவிட்டதையும் அவர்களிடம் தெரிவித்தேன். அதன் பிறகும் பர்சனல் லோன், டாப்-அப் லோன், காப்பீடு என்று ஒவ்வொரு பெயரில் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. "வேண்டாம்" என்றால் "ஏன் சார் வேண்டாம்?" என்பார்கள். காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்கு ஒரு பதில் தயாராக இருக்கும். அதற்கும் மசியாவிட்டால், "சரி சார், அடுத்த மாசம் கூப்பிடட்டுமா?" என்ற கேள்வியோடு முடிப்பார்கள்.

அழைப்பு மையம் ஒன்றில் வேலை பார்த்த உறவுக்காரப் பெண்ணிடம் இதைப் பற்றிப் பேசியபோதுதான் உள்ளே நடப்பது விளங்கியது. வாடிக்கையாளர் மறுத்தவுடன் அழைப்பை முடித்துவிட்டால் மேற்பார்வையாளர் கேள்வி கேட்பாராம். அதனால் பெரும்பாலான மறுப்புகளைப் 'பிறகு அழைக்கவும்' என்றே பதிந்துவிடுவார்களாம். அப்படிப் பதிந்த எண் மறுபடியும் பட்டியலில் ஏறி, வேறொருவர் கைக்குப் போகும். நம்மிடம் கெஞ்சும் அந்தக் குரலுக்கு உரியவர் மாதக் கடைசி டார்கெட்டை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும் ஓர் இளைஞராகவே பெரும்பாலும் இருப்பார். ஆகவே என் கோபம் அவர் மீதல்ல, மறுப்பை மறுப்பாகப் பதியவிடாமல் அந்த முறையை வகுத்தவர்கள் மீதுதான்.

கைபேசிச் செயலிகளிலும் இதே சூத்திரம்தான் வேறு வடிவத்தில் இருக்கிறது. அறிவிப்புகளை அனுப்பலாமா என்று கேட்கும் பெட்டியில் 'சரி' என்றும் 'இப்போது வேண்டாம்' என்றும் இரண்டே பொத்தான்கள் இருக்கும். ஒரேயடியாக மறுப்பதற்கு வழியே இருக்காது. இவ்வாறு திரும்பத் திரும்ப நச்சரிப்பது, இன்னும் சில நிமிடங்களில் சலுகை முடிந்துவிடும் என்று பொய்யாக அவசரப்படுத்துவது, மறுப்பவரைக் கூச்சப்படவைக்கும் வாசகங்களை எழுதுவது உள்ளிட்ட 13 ஏமாற்று உத்திகளை 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டுத் தடை செய்தது. நச்சரிப்பைத் தனிக் குற்றமாக அதில் சேர்த்தது மிகச் சரியான முடிவு என்பேன்.

தொலைபேசி அழைப்புகளுக்கான விதிகள் இதைவிடப் பழையவை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007-இல், விளம்பர அழைப்பு வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்துவைக்கும் தொந்தரவு தடுப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்தது. 2010-இலும் 2018-இலும் விதிகளைப் புதுப்பித்தது. 1909 என்ற எண்ணில் பதிந்துகொள்ளலாம். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் வர வேண்டும். அழைப்பவர்களோ சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்களுக்கு மாறிக்கொண்டார்கள். ஓர் எண்ணைத் தடுத்தால் இன்னொன்றிலிருந்து வருகிறார்கள். 2025 பிப்ரவரியில் வந்த திருத்தம் இந்த ஓட்டையை அடைக்க முயல்கிறது: பதிவேட்டில் பெயர் இல்லாதவரும், தொலைபேசி நிறுவனங்களிடம் பதிவு பெறாமல் அழைக்கும் விற்பனையாளர்மீது புகார் தரலாம், அழைப்பு வந்த பிறகு புகார் தருவதற்கான கெடு 3 நாளிலிருந்து 7 நாளாக நீண்டிருக்கிறது, 10 நாட்களில் 5 புகார்கள் வந்தாலே அந்த எண்மீது நடவடிக்கை பாயும். இவை வரவேற்க வேண்டியவை. ஆனால் விளம்பர அழைப்புக்கு ஒருவர் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றால், 90 நாட்கள் கழித்து அதே நிறுவனம் அதே காரியத்துக்காக மறுபடியும் சம்மதம் கேட்கலாம் என்று அதே திருத்தம் இடம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மனம் மாறினால் வாடிக்கையாளரே எப்போது வேண்டுமானாலும் சம்மதம் தரலாம் என்று வழி வைத்த பிறகு, விற்பவருக்கு இந்தச் சலுகை எதற்கு?

வலியுறுத்தி விற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. புடவைக் கடையில் பாயில் உட்கார்ந்து, முப்பது புடவைகளை விரித்துக் காட்டிய பிறகும் முகம் கோணாமல் "பிடிக்கலைன்னா பரவாயில்லைம்மா, புது ஸ்டாக் வந்ததும் வாங்க" என்று சொல்லும் விற்பனையாளரிடம் மறுபடியும் போகத் தோன்றும். நாம்தான் அவரைத் தேடிப் போகிறோம், எழுந்து வெளியேறும் உரிமையும் நம்மிடமே இருக்கிறது. அலுவலக வேலைக்கு நடுவில், துக்க வீட்டில், மருத்துவமனை வரிசையில் வரும் அழைப்பில் அந்த உரிமை நமக்குக் கிடைப்பதில்லை.

இதனால் தெரியாத எண்ணை எடுக்காமல் இருப்பது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லக் கூப்பிடும் ஆய்வகம், வாசலில் நிற்கும் கூரியர்காரர், பள்ளி வேன் ஓட்டுநர் என எல்லோருடைய அழைப்பும் அதே சந்தேகத்தில் அடிபட்டுப் போகிறது. தன் பொருளை நேர்மையாக எடுத்துச்சொல்ல விரும்பும் சிறு வணிகருக்கும் கதவு சாத்தப்படுகிறது. நூறு பேரை அழைத்து இரண்டு பேர் வாங்கினால், அந்த இரண்டைத்தான் நிறுவனம் கணக்கில் எழுதுகிறது. எரிச்சலில் விலகிப்போன மற்றவர்களுக்கு எந்த அறிக்கையிலும் இடமில்லை.

அதனால்தான் இப்போதெல்லாம் ஒரு கடையையோ சேவையையோ விடும்போது, அதற்கான காரணத்தையும் அந்நிறுவனத்துக்கு எழுதி அனுப்புகிறேன். "உங்கள் பொருளில் குறையில்லை, உங்கள் அழைப்புகள் தாங்க முடியாததால் விலகுகிறேன்" என்று இரண்டு வரி போதும். நீங்களும் எழுதுங்கள், பில் போடும் இடத்தில் எண் கேட்டால் தர விருப்பமில்லை என்று மேலாளர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.