கைதட்டல் வேறு, சிரிப்பு வேறு

நான் மேடையில் தனியாக நின்று அரசியல் ஜோக் சொல்பவன். யார் வேண்டுமானாலும் ஏறிச் சொல்லிப் பார்க்கலாம் என்கிற ஓப்பன் மைக் நிகழ்ச்சியில், முதல் முறை எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். ஆட்சியின் மேல் எனக்கிருந்த கோபத்தையெல்லாம் அதற்குள் கொட்டினேன். நல்ல கைதட்டல். இறங்கி வந்ததும், பல வருஷமாக மேடையேறும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். "ரெக்கார்ட் பண்ணியா? வீட்டுக்குப் போய்க் கேளு. சிரிப்பு எத்தனை, கைதட்டல் எத்தனைன்னு தனித்தனியா எண்ணு."

எண்ணினேன். கைதட்டல் ஒன்பது. சிரிப்பு இரண்டு.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வந்திருந்தவர்கள் ஏற்கெனவே நம்பியதை நான் உரக்கச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் ஆமோதித்திருக்கிறார்கள். பொதுக்கூட்டப் பேச்சாளர்கள் அதை என்னைவிட நன்றாகச் செய்வார்கள். கைதட்டலாமா என்று யோசிக்க நேரமிருக்கும். சிரிப்புக்கு அந்த நேரம் கிடையாது. தன் தலைவரைப் பற்றிய ஜோக் என்று உறைப்பதற்குள் சிரித்து முடித்திருப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்புதான் வேண்டும் என்று தெரிந்தது. அதை வரவழைக்கத்தான் ஆறு வருஷம் ஆனது.

எப்படி மாற்றினேன் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு விபத்தும் அதற்கான விசாரணையும் நான் மேடையில் சொல்லும் ஜோக் தொகுப்பில் இருந்தது. முதலில் எழுதியது: "இத்தனை பேர் செத்தும் இவங்களுக்கு வெட்கமே இல்லை." பலத்த கைதட்டல், சிரிப்பு பூஜ்யம். விசாரணை என்ன ஆனது என்று செய்திகளைத் தேடிப் படித்தேன். அறிக்கை வந்து மாதக்கணக்காகியும் யாரும் அதை வெளியிடவில்லை. பிறகு, அதை ஆராய்வதற்கென்றே இன்னொரு குழு. அதை அப்படியே சொன்னேன்: "விசாரணைக் குழு அறிக்கை கொடுத்துருச்சு. இப்ப அதைப் படிக்கிறதுக்கு ஒரு குழு போட்டிருக்காங்க." அரங்கு முழுக்கச் சிரிப்பு. கோபம் எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை. கோபப்படும் வேலையை மட்டும் உண்மை எடுத்துக்கொண்டது.

அரசியல் ஜோக்கில் பெரிய தொல்லை பின்னணி. காதல், குடும்பம் என்றால் எல்லோருக்கும் தெரியும். செய்தியைப் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள். அதை விளக்க முக்கால் நிமிடம் எடுத்தால் அரங்கு ஆறிவிடும். எனவே ஒரு ஜோக்குக்கு ஒரே ஒரு தகவல் என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது தகவல் தேவைப்பட்டால், அது இன்னும் ஜோக் ஆகவில்லை என்று பொருள். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் மார்ட் சால் 1950களில் சான்பிரான்சிஸ்கோவில் கையில் செய்தித்தாளோடு மேடையேறியவர். பேசப்போவது அன்றைய செய்தி என்பது அவர் வாய் திறக்குமுன்பே எல்லோருக்கும் புரிந்துவிடும். என்ன அருமையான செட்டப் (ஜோக்குக்கு முன்னால் வரும் பின்னணி) என்று இப்போதும் வியக்கிறேன்.

இன்னொரு வலி, ஜோக்கின் ஆயுள். நான்கு மாதம் செதுக்கிய எட்டு நிமிடம், அந்த அமைச்சர் பதவி விலகிய அன்றே செத்தது. அழுகை வந்தது. ஆள் பெயரை எடுத்துவிட்டு ஒவ்வொரு ஜோக்கையும் படித்துப் பார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். பெயர் இல்லாமலும் நின்றால், அது ஒரு ஆளைப் பற்றியது இல்லை, அதிகாரம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியது. குழு ஜோக் அப்படிப்பட்டது. இரண்டு ஆட்சிகளைத் தாண்டிவிட்டது.

ஒரு மணி நேர நிகழ்ச்சி தயாரானதும் வழக்கறிஞர் ஒருவரிடம் ஸ்கிரிப்டைக் கொடுத்தேன். தணிக்கை மாதிரி இருக்குமோ என்று பயந்துகொண்டேதான் போனேன். அவர் எடுக்கச் சொன்னது ஒரே ஒரு சொல். குற்றச்சாட்டாக மட்டும் இருந்ததை நான் நிரூபணமான குற்றம்போல எழுதியிருந்தேன். அது சட்டப்படி ஆபத்து என்பது ஒரு பக்கம், உண்மையும் இல்லை. இன்று என் ஒவ்வொரு ஜோக்குக்கும் ஒரு கோப்பு உண்டு: செய்தி, தேதி, யார் சொன்னது.

இவ்வளவு கவனமாக இருந்தும் அடி விழுந்தது. யாரோ என் நிகழ்ச்சியிலிருந்து இருபது விநாடி வெட்டிப் பரப்பினார்கள். செட்டப் போய்விட்டது, கடைசி வரி மட்டும் இருந்தது. மூன்று நாள் மிரட்டல் அழைப்புகள். அடுத்த நிகழ்ச்சிக்கு இடம் தருவதாகச் சொன்னவர்கள் பின்வாங்கினார்கள். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. போன் அடிக்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன்.

அந்த நாட்களில் மற்றவர்களின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். நியூயார்க்கில் 1964-இல் ஆபாசப் பேச்சுக்காகத் தண்டிக்கப்பட்ட அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் லென்னி புரூஸ், மேல்முறையீடு முடியுமுன்பே 1966-இல் இறந்தார். மன்னிப்பு 2003-இல் வந்தது. மியான்மரின் ஸர்கனார், பல் மருத்துவம் படித்த நகைச்சுவைக் கலைஞர். நர்கிஸ் புயலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி, அரசின் அலட்சியத்தை வெளிநாட்டு ஊடகங்களிடம் பேசியதற்காக 2008-இல் கைதானார். 59 ஆண்டுச் சிறை, பிறகு 35 ஆகக் குறைத்தார்கள், 2011-இல் விடுதலை. என் மூன்று நாள் பயத்தை அவர்களோடு ஒப்பிடவே கூடாது. ஆனாலும் அவர்களைப் படித்ததால்தான் அடுத்த மாதம் மறுபடி மேடையேறினேன்.

வருமானம் பற்றிச் சிலர் கேட்பார்கள். பல வருஷம் மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்தும், நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்தும்தான் ஓடியது. நிறுவன நிகழ்ச்சிகளுக்கு அழைப்பார்கள், அரசியல் வேண்டாம் என்ற நிபந்தனையோடு. சிலவற்றுக்குப் போனேன். அதில் தவறில்லை.

சென்ற வருஷம் ஒரு சின்ன அரங்கு. முதல் வரிசையில் ஒருவர், சட்டைப்பையில் ஆளுங்கட்சித் தலைவர் படம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரம் அசையவில்லை. குழு ஜோக் வந்தபோது தோள் குலுங்கியது, பிறகு வாய்விட்டே சிரித்தார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். எனக்குக் கொஞ்சம் நடுங்கியது.

"தம்பி, நான் கட்சியில இருபது வருஷமா இருக்கேன். அந்தக் குழு விஷயத்துல நீங்க கடைசியைச் சொல்லாம விட்டுட்டீங்க. படிக்கப் போட்ட குழுகிட்ட அந்த அறிக்கையே இருக்காது. அதைத் தேடுறதுக்கு இன்னொரு குழு போடுவாங்க."

"இதை மேடையில சொல்லிக்கலாமாண்ணே?"

"சொல்லுங்க. என் பேரை மட்டும் சொல்லாதீங்க."

அந்த ஜோக் இப்போது அவர் வரியில்தான் முடிகிறது.