எரிந்த நகரத்தில் நடை: கோபன்ஹேகன் நாட்குறிப்பு

2025 செப்டம்பர் 1, திங்கள்

நாளை காலை பத்து மணிக்கு வழிகாட்டி விடுதி வாசலுக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். உயர்த்திப் பிடித்த குடைக்குப் பின்னால் முப்பது, நாற்பது பேரை நடத்திச் செல்லும் சுற்றுலாக்கள் இந்நகரில் நாள்தோறும் உண்டு. ஆனால் அக்காவின் முழங்கால் வலியை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதால், எங்கள் இருவருக்கு மட்டுமாக ஒருவரை அமர்த்திக்கொண்டோம். கட்டணத்தைக் கேட்டதும், "இந்தக் காசுக்கு ஊரில் நல்ல நாகஸ்வரக் கச்சேரியே வைத்துவிடலாமே" என்றாள் அக்கா.

நாங்கள் பிறந்து வளர்ந்தது பொறையாற்றில். தரங்கம்பாடிக் கோட்டை மதிலில் ஏறி விளையாடியவர்களுக்குக் கோபன்ஹேகன் முற்றிலும் அயலூர் ஆகிவிடாது. தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கும் 1620 ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையின் பேரில் எழுந்த கோட்டை அது. 1845 இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும் வரை, இடையில் சில ஆண்டுகள் கைமாறியதைத் தவிர்த்தால், ஊர் டேனியர் வசமே இருந்தது. முன்பதிவு செய்தபோது இதை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். முதல் நாள் தமது வழக்கமான பாதையிலும், மறுநாள் எங்கள் கேள்விகளைப் பொறுத்து அமையும் பாதையிலும் நடக்கலாம் என்று வழிகாட்டி பதில் எழுதியிருந்தார். தனியாக ஒருவரை அமர்த்துவதில் இந்த வசதி உண்டு என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

வழிகாட்டி ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி, வரலாறு படித்தவர். தோளில் ஒரு துணிப்பை. அதில் பழைய நகர வரைபடங்களின் நகல்கள். "மன்னர்களைப் பார்க்கலாமா, வீடுகளைப் பார்க்கலாமா?" என்றுதான் தொடங்கினார். அக்கா சற்றும் யோசிக்காமல் "வீடுகள்" என்றாள்.

முதலில் அவர் எங்களை நிறுத்தியது ஒரு சாதாரண நாற்சந்தி. நான்கு மூலைகளிலும் நான்கு மாடிக் கட்டடங்கள். கீழே ஒரு காப்பிக் கடை, ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, மூலைகளைக் கவனிக்கச் சொன்னார். நான்கு கட்டடங்களும் தெருமுனையில் கூராக முடியாமல், கத்தியால் சீவியதுபோல் சாய்வாக வெட்டப்பட்டிருந்தன; அந்தச் சாய்வுச் சுவரின் அகலத்தில் ஒரு சன்னல் வரிசையே அடங்கியிருந்தது. 1795 ஜூன் மாதத் தீயில் 900க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்து போயின. நீண்ட ஏணிகளைச் சுமந்த தீயணைப்பு வண்டிகள் குறுகலான முனைகளில் திரும்ப இடம் வேண்டும் என்பதற்காக, புதிதாகக் கட்டும் ஒவ்வொரு மூலை வீடும் முனையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அப்போது விதி செய்தார்களாம். அதன்பிறகு நடந்த வழியெல்லாம் எங்கள் கண் மூலைகளிலேயே இருந்தது. கூரான மூலை தென்பட்டால் அது தீக்குத் தப்பிய வீடாக இருக்குமோ என்று அக்கா கேட்பதும், அந்த அளவுக்கு எளிதாக முடிவு செய்துவிட முடியாது என்று வழிகாட்டி காரணம் சொல்வதுமாக ஒரு மணி நேரம் போயிற்று.

கோபன்ஹேகன் பார்வைக்கு மிகப் பழைய நகரம். ஆப்சலோன் என்ற பிஷப் 1167 வாக்கில் இங்கே கோட்டை கட்டியதிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. ஆனால் இடைக்காலத்து வீடு என்று சுட்டிக்காட்ட இங்கே அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. 1728 அக்டோபரில் பற்றிய தீ மூன்று நாள் நின்று எரிந்து நகரின் கால் பங்குக்கு மேல் தின்றுவிட்டது; பழைய நகர்ப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழப் பாதி போயிற்று. அதன்பின் செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று அரசு சொன்னாலும், கையில் பணமில்லாதவர்கள் மரச்சட்டம் வைத்து மீண்டும் கட்டிக்கொள்வதைத் தடுக்க முடியவில்லை என்றும், 1795 இல் தீ அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் வழிகாட்டி விளக்கினார். சொல்லிவிட்டு, திறந்திருந்த ஒரு வாயில் வழியாக எங்களைப் பின்கட்டு முற்றத்துக்கு அழைத்துச் சென்றார். தெருவைப் பார்த்த முகப்பு கம்பீரமான செங்கல். பின்புறமோ கறுத்த மரச்சட்டங்களும் அவற்றுக்கிடையே மஞ்சள் பூச்சுமாக இருந்தது. ஒரு சட்டத்தில் ஆணி அடித்து யாரோ சைக்கிள் டயரை மாட்டியிருந்தார்கள். கூட்டத்தோடு வந்திருந்தால் இந்த முற்றத்துக்குள் கால் வைத்திருக்க முடியாது.

வட்டக் கோபுரத்தில் ஏறியது அக்காவுக்குக் கிடைத்த பரிசு. நான்காம் கிறிஸ்தியான் கட்டி 1642 இல் முடித்த இந்தக் கோபுரத்துக்கு, உச்சியை நெருங்கும் வரை படிகளே கிடையாது. 209 மீட்டர் நீளமுள்ள செங்கல் பாவிய சரிவுப் பாதை ஏழரை முறை சுற்றிச் சுற்றி மேலே போகிறது. கனமான நூல்களையும் வானியல் கருவிகளையும் ஏற்றிச் செல்வதற்கு அப்படி அமைத்ததாகச் சொல்கிறார்கள். உருசியப் பேரரசர் பீட்டர் 1716 இல் குதிரையிலேயே உச்சி வரை போனாராம். அக்கா ஒவ்வொரு சன்னல் மாடத்திலும் சற்று உட்கார்ந்து, யாருக்கும் வழிவிட வேண்டிய அவசரம் இல்லாமல் ஏறினாள்.

கோபுரத்தை ஒட்டிய தேவாலயத்தின் மேல்தளத்தில்தான் பல்கலைக்கழக நூலகம் இருந்தது. 1728 தீயில் அது முழுவதும் அழிந்தது. அதே தீயில், ஐஸ்லாந்து முழுவதும் அலைந்து தோல் சுவடிகளைத் திரட்டிய ஆர்னி மாக்னுசோன் என்ற அறிஞர், முக்கியமான சுவடிகளைக் காப்பாற்றிவிட்டாலும் அச்சு நூல்களில் பெரும்பகுதியை இழந்தார். பதினைந்து மாதங்களுக்குள் அவரும் இறந்துபோனார். உ.வே.சா. வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்தச் செய்தி எந்த இடத்தில் தைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வழிகாட்டி இதைக் குரலை உயர்த்தாமல், நாடகம் எதுவும் சேர்க்காமல் சொன்னார். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

நகரத்தின் முதன்மைத் தேவாலயம் 1807 செப்டம்பர் 2 ஆம் நாள் தொடங்கிய ஆங்கிலேயக் குண்டுவீச்சில் எரிந்தது. டேனியக் கடற்படை நெப்போலியன் கைக்குப் போய்விடக் கூடாது என்ற அச்சத்தில், ஆங்கிலேயர் நகரத்தின் மேலேயே குண்டும் ராக்கெட்டும் பொழிந்து, கடைசியில் கப்பல்களைப் பறித்துக்கொண்டு போனார்கள். இன்று தேதியும் செப்டம்பர் 2 தான் என்பதை வழிகாட்டி நினைவூட்டினார். அதன் தொடர்ச்சியை நான் சொன்னேன்: 1808 தொடக்கத்தில் ஆங்கிலேயர் தரங்கம்பாடியையும் கைப்பற்றினார்கள்; 1815 இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் நின்று, பையிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். நாளைய பாதை அங்கேயே முடிவாயிற்று.

ஸ்ட்ரோயெட் கடைத்தெருவை விரைவாகக் கடந்தோம். 1962 இல் வண்டிகளை விலக்கி நடப்பவர்களுக்கு மட்டும் ஒதுக்கியது பெரிய முன்னோடி முயற்சிதான். ஆனால் இன்று அங்கே இருப்பவை எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய கடைகள்.

செப்டம்பர் 3, புதன்

நேற்றைய நடை தீயைப் பற்றியது என்றால், இன்றையது பணத்தைப் பற்றியது.

முதலில் பழைய வணிக மாளிகையான போர்ஸன். நான்காம் கிறிஸ்தியான் காலத்தில் எழுந்த இக்கட்டடத்தின் அடையாளமே, நான்கு கடல்நாகங்களின் வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் அதன் கோபுரம். நகரை அழித்த பெருந்தீக்களுக்கெல்லாம் தப்பிய அக்கோபுரம், 2024 ஏப்ரல் 16 அன்று, செப்பனிடும் பணி நடந்துகொண்டிருந்த வேளையில் பற்றிய தீயில் எரிந்து சரிந்தது. இப்போது சாரமும் மறைப்புமாக இருக்கிறது. மீண்டும் எழுப்பும் வேலை நடக்கிறது. வழியே போனவர்கள்கூட உள்ளிருந்த ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்ததை வழிகாட்டி சொன்னபோது மட்டும் அவர் குரல் மாறியது. அது அவர் வாழ்நாளில் நடந்த தீ.

பாலத்தைக் கடந்து கிறிஸ்தியான்ஸ்ஹவ்ன். இங்குள்ள தேவாலயத்தின் கோபுரத்தை வெளிப்புறமாகச் சுற்றிச் செல்லும் படிக்கட்டு உலகறிந்தது. மொத்தம் 400 படிகளில் கடைசி 150 திறந்தவெளியில் உள்ளன. படிகள் தவறான திசையில் சுற்றுவதை அறிந்து மனமுடைந்த கட்டடக் கலைஞர் உச்சியிலிருந்து குதித்துவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. வழிகாட்டி அதை நன்றாகவே சொன்னார். சொல்லி முடித்ததும், கோபுரம் திறக்கப்பட்டது 1752 இல் என்றும், அந்தக் கலைஞர் லவ்ரிட்ஸ் த தூரா படுக்கையில் இறந்தது 1759 இல் என்றும் சேர்த்தார். பொய்க் கதையை மறைக்காமலும் நம்ப வைக்காமலும் சொல்லத் தெரிந்தவரே நல்ல வழிகாட்டி என்பது என் கட்சி. நம்மூர்க் கோயில் வாசல்களில் இந்தப் பழக்கம் வந்தால் நல்லது. அக்கா கீழே பலகையில் உட்கார்ந்து, யாராவது ஏறுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ட்ரான்ட்கேட என்ற தெருவில் ஆசியக் கம்பெனியின் தலைமையகம் அப்படியே நிற்கிறது. 1732 இல் உரிமை பெற்ற இக்கம்பெனி சீனத்துத் தேயிலையில்தான் பெரும்பணம் ஈட்டியது. தரங்கம்பாடி வழியாக நம் பக்கத்துத் துணிகள் வந்தன. பக்கத்தில் 1750 இல் முடிந்த அதன் சரக்குக் கிடங்கு. இப்போது இந்த வளாகம் டென்மார்க் வெளியுறவு அமைச்சகத்தைச் சேர்ந்தது. துணிகள் இங்கேயே தங்கிவிடவில்லை. இந்தியப் பருத்தித் துணி ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும் கப்பல்களில் ஏறியது. அங்கே அது அடிமைகளை வாங்கும் விலைப் பொருள்களில் ஒன்றானது. அக்ராவில் டேனியர் கட்டிய கோட்டைக்கும், இந்நகரின் அரண்மனைக்கும் கிறிஸ்தியான்ஸ்போர் என்ற ஒரே பெயர்தான். கேட்டால் மட்டுமே இதையெல்லாம் சொல்வேன், பலர் விடுமுறையில் வந்திருப்பார்கள் என்று வழிகாட்டி வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அது உடன்பாடில்லை. கேட்காதவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவரிடமும் அப்படியே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

அதற்கு முந்தைய, 1616 இல் தொடங்கிய டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கதை வேறு. அது நொடித்துப்போனதால், 1643 க்குப் பிறகு 1669 வரை தரங்கம்பாடிக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இருந்தவர்கள் இறந்தும் பிரிந்தும் போக, கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்க என்ற ஒரே டேனியர் கோட்டையை வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். 1669 இல் கப்பல் வந்தபோது கோட்டையில் டேனியக் கொடி இன்னும் பறந்தது. "அதுவரை அவருக்குச் சம்பளம் யார் கொடுத்தது?" என்று அக்கா கேட்டாள். வழிகாட்டி சிரித்துவிட்டு, கம்பெனியிடமிருந்து வந்திருக்க வழியில்லை என்றார்.

துறைமுக நடைபாலம் வழியாக நூஹவ்ன் கால்வாய்க்கு வந்தோம். வண்ண வண்ண வீடுகள், படம் எடுக்கும் கூட்டம். சுவீடன் போர்க்கைதிகளை வைத்துத் தோண்டிய கால்வாய் இது. 20 ஆம் எண் வீட்டில் தங்கியிருந்த காலத்தில்தான் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் தமது முதல் தேவதைக் கதைகளை எழுதினார். இதற்கு மேல் அங்கே நிற்க இடமில்லை.

முடிவாக அமலியன்போர் சதுக்கம். நான்கு அரண்மனைகள் சூழ, நடுவில் ஐந்தாம் பிரடெரிக் மன்னர் குதிரை மேல். பிரான்சிலிருந்து 1753 இல் வந்த சிற்பி சாலி செய்த இச்சிலை 1771 இல்தான் திறக்கப்பட்டது. செலவை ஏற்றது ஆசியக் கம்பெனி. தேயிலையும் துணியும் வெண்கலமாகி நிற்கின்றன என்று நினைத்துக்கொண்டு பீடத்தைச் சுற்றி வந்தேன். இவ்வரண்மனைகள் முதலில் நான்கு பிரபுக்களின் வீடுகள். 1794 இல் கிறிஸ்தியான்ஸ்போர் அரண்மனை எரிந்து போனதால் அரச குடும்பம் இங்கே குடிபுகுந்தது. ஆக, இங்கும் தீதான்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று வழிகாட்டி இல்லை. நாங்களாகவே கிறிஸ்தியான்ஸ்போருக்கு அடியில் உள்ள இடிபாடுகளைப் பார்க்கப் போனோம். ஆப்சலோன் கட்டிய மதிலின் அடிவரிசை, அதற்கு மேல் எழுந்த பிற்காலக் கோட்டையின் சுவர்கள், நீலக் கோபுரம் என்ற சிறைக் கோபுரத்தின் எச்சம் எல்லாம் அங்கே இருக்கின்றன. நான்காம் கிறிஸ்தியானின் மகள் லியோனோரா கிறிஸ்தினா, கணவர் கோர்ஃபிட்ஸ் உல்ஃபெல்டின் துரோகத்துக்காக 1663 முதல் 1685 வரை அந்தக் கோபுரத்தில் அடைபட்டிருந்தார். தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பியவரின் சொந்த மகள். பலகையில் ஆண்டுகளும் பெயர்களும் சரியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் இந்தக் கல் எந்தச் சுவரைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள இருவரும் மாறி மாறிப் படித்தும் அரைமணி நேரம் பிடித்தது.

அவர் கணவர் உல்ஃபெல்டின் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் நட்ட அவமானக் கல், இப்போது தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாளிகை இருந்த சதுக்கத்தில் இன்று உணவகங்களும், 1728 தீக்குப் பின் எழுந்த கூரைமுகப்பு வீடுகளும் உள்ளன. அக்கா அங்கே உருளைக்கிழங்கு வைத்த கம்பு ரொட்டி ஒன்றைச் சாப்பிட்டு, உப்பு குறைவு என்றாள்.

இரகுநாத நாயக்கர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதிய மடல் இங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நடைப் பயணத்தில் பார்க்கும் பொருள் அல்ல அது.

இந்நகரில் தனி வழிகாட்டியை அமர்த்த நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. நூஹவ்னுக்கும் ஸ்ட்ரோயெட்டுக்கும் அவருடைய நேரத்தைச் செலவிட வேண்டாம். அவை தாமே விளங்கும். வட்டக் கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களையும் கிறிஸ்தியான்ஸ்ஹவ்னையும் கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மாக்ஸ்ட்ரேட தெருவின் உருண்டைக் கற்களில் மட்டும் கவனமாக நடக்க வேண்டும். அங்கே கைப்பிடி எதுவும் கிடையாது.