அறுபத்தொரு தாளும் ஒரு கூறு மீனும்

ஏப்ரல் 15. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் நாள். வடசென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், எங்கள் தெருவில் அப்பாக்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் மட்டும் கரையோரமாகப் போய் வருவார்கள். இந்த வருடம் அன்றைக்குத்தான் மாடி வகுப்பையும் ஒழுங்காக எழுதி வைப்பது என்று ஒரு நாற்பது பக்க நோட்டைப் பிரித்தேன். அதில் கிறுக்கியதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டீச்சர் இல்லை. பாரிமுனைப் பக்கம், துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஆபீசில் பில் போடுகிற வேலை. அட்டையை வெட்டி ஒட்டி எதையாவது செய்துகொண்டிருப்பது சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சனி, ஞாயிறு சாயங்காலம் மாடிக்கு வருவார்கள். செய்ததை அவர்கள் கையில் கொடுத்துப் பார்ப்பேன். உடைந்தால் மறுபடி செய்வேன். அவ்வளவுதான் ஏற்பாடு.

போன வருடம் காசு கொடுத்து ஒரு பிளாஸ்டிக் மணிச்சட்டம் வாங்கினேன். பத்து மணி, பத்துக் கம்பி, பளபளவென்று இருந்தது. இரண்டாம் நாளே அதைத் தரையில் கவிழ்த்து பஸ் ஓட்டினார்கள். ‘முப்பத்து நான்கு காட்டு’ என்றால் மூன்று மணியும் நான்கு மணியும் தள்ளி, ஏழு மணியைக் காட்டினாள் ஒருத்தி. அவள் மேல் தப்பில்லை. ஒரு கம்பியில் இருக்கிற மணி ஒன்று என்றும், பக்கத்துக் கம்பியில் அதே மணி பத்து என்றும் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளை ஏன் நம்ப வேண்டும்?

இந்த முறை காலண்டர். தினமும் தேதி கிழிக்கிற தாள் காலண்டர், மளிகைக் கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது. தடைக்காலம் முடியும் ஜூன் 14 வரை ஒவ்வொரு நாள் தாளையும் பத்திரப்படுத்துவது, பத்து சேர்ந்ததும் கட்டுவது. கட்டு என்றால் பத்து, தனித்தாள் என்றால் ஒன்று. கட்டைப் பிரித்தால் உள்ளே நிஜமாகவே பத்து இருக்கும், யாரும் நம்பச் சொல்ல வேண்டியதில்லை.

கிழிப்பது யார் என்பதில்தான் முதல் சண்டை. நான் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்புவதற்குள் யாராவது ஒருவர் கதவைத் தட்டி, ‘யக்கா, இன்னிக்கி என் முறை’ என்பார்கள். முறைப்பட்டியல் ஒன்று எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று. அதைப் படிப்பதற்காகவே ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மற்றவர்கள் பெயரையெல்லாம் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டான். அதை நான் திட்டமிடவே இல்லை.

மொத்தம் எத்தனை தாள் சேரும் என்று கேட்டேன். மூன்றாம் வகுப்புப் பையன் யோசிக்காமல், ‘அறுபத்தியொண்ணு. எங்க நைனா சொல்லிச்சு’ என்றான். சரி, நைனா சொன்னதைச் சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். முஷ்டியை மடக்கி முட்டியில் மாதம் எண்ணினோம்: மேட்டில் விழுந்தால் 31, பள்ளத்தில் விழுந்தால் 30, பிப்ரவரி மட்டும் விலக்கு. ஏப்ரல் பள்ளம், மே மேடு. ஏப்ரலில் 30லிருந்து 15ஐக் கழித்தால் 15. மே 31. ஜூன் 14 வரை 14. கூட்டினால் 60.

பையன் முகம் சுருங்கிவிட்டது. நைனா தப்பாகச் சொல்லியிருக்காது என்கிறான். எனக்கும் ஒரு நிமிஷம் 60 சரி என்றுதான் பட்டது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆபீசில் டெமரேஜ் கணக்கில், அதாவது சரக்கு தாமதமாகக் கிடந்தால் கட்டும் பணத்தில், வாரம் ஒரு முறையாவது இதே சண்டை வரும்: முதல் நாளைச் சேர்ப்பதா, விடுவதா? அப்புறம் காலண்டரைச் சுவரிலிருந்து இறக்கி, 15ஆம் தேதித் தாளில் ஒரு கை, 30ஆம் தேதித் தாளில் ஒரு கை வைத்து ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னேன். பதினாறு தாள். 16, 31, 14. அறுபத்தொன்று. ‘பதினஞ்சாந் தேதியும் படகு கட்டித்தானே கெடக்கு, அத்த ஏன் வுட்டீங்க?’ என்று பையன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மே முதல் வாரம் ஒரு விபத்து. மாடியில் சாயங்காலம் கடற்காற்று எப்படி அடிக்கும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். தனித்தாள்களுக்கு மேல் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்து நொண்டி விளையாடப் போய்விட்டார்கள். தாள்கள் பறந்தன. சாக்கடையில் விழுந்தது போக மிச்சத்தைப் பொறுக்கி வந்தால், கட்டுகளில் ஒன்றும் அவிழ்ந்திருந்தது. வெயிலில் ரப்பர் பேண்டு இற்றுப்போய் தொட்டதும் பொடிந்துவிட்டது. ஆனால் அந்த நாள் நோட்டில் நான் பெரிதாக வட்டம் போட்டு வைத்திருக்கும் நாள். எத்தனை தாள் காணோம்? அன்றைக்கு மே 7, அதாவது 23ஆவது தாள். கையில் இருப்பது ஒரு கட்டும் ஒன்பது தனித்தாளும். காணாமல் போனதைக் கண்டுபிடிக்க, 23ஐக் குச்சிகளில், பத்துப் பத்தாக இரண்டு கட்டும் தனிக்குச்சி மூன்றுமாக வைத்து, அதிலிருந்து 19ஐ எடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலிருந்து ஒன்பது போகாது. இரண்டாம் வகுப்புச் சிறுமி யாரையும் கேட்காமல் ஒரு கட்டை அவிழ்த்தாள். பள்ளியில் ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லித் தருகிறோமே, அந்தக் கடன் இதுதான். அடுத்த வீடும் இல்லை, கடனும் இல்லை. தன் கட்டைத் தானே அவிழ்ப்பது. நான்கு தாள். காணாமல் போன தேதிகளை வெள்ளைத்தாளில் எழுதிச் சேர்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு ரப்பர் பேண்டு இல்லை, சணல்தான்.

பெரிய எண்களுக்குக் கடையில் மிஞ்சிய பழைய காலண்டர் ஒன்றைக் கட்டுக்கட்டாகப் பிரித்தோம். அங்கே ஒரு சிக்கல் புரிந்தது. தொண்ணூறு கேட்டால் பத்துக் கட்டு எடுத்து வருகிறார்கள். காதில் ‘நூறு’ விழுகிறதே! எண்பது கேட்டால் எட்டுக் கட்டு சரியாக வருகிறது, தொண்ணூறு மட்டும் உதைக்கிறது. நம் மொழியில் ஒன்பதின் குணமே அது. 9இல் பத்தின் ‘பது’ ஒட்டியிருக்கும், 90இல் நூறு, 900இல் ஆயிரம். ஆங்கில வழியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு வேறு தொல்லை, தேர்ட்டீனும் தேர்ட்டியும் ஒன்றாகக் கேட்கிறது. அவர்களையே தமிழில் பதின்மூன்று, முப்பது என்று சொல்லச் சொன்னால் குழப்பமில்லாமல் கட்டு எடுக்கிறார்கள்.

எழுத்துக்கு வருகிறேன். இது பாதிதான் தேறியது.

முதலில் தாம்பாளத்தில் ரவை பரப்பி விரலால் எழுத வைத்தேன். எறும்பு வந்தது, ரவையைக் கொட்டினேன். அடுத்து கடற்கரை மணல். ஈரம் காயாமல் விரலில் அப்பிக்கொண்டது. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் மணலில் எழுதித்தான் படித்தார்கள், அவர்கள் நல்ல மணலாகப் பார்த்து எடுத்திருப்பார்கள் போல. மூன்றாவதாக உப்புத்தாள். சொரசொரப்பான எழுத்தைத் தடவிப் பழகுவது இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறை. அவர் 1939இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியவர். அடையாறிலிருந்து காசிமேட்டுக்கு வர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, என் கணக்கில்.

ஹார்டுவேர் கடையில் 80ஆம் நம்பர் தாள் வாங்கினது முதல் தப்பு; அது மரம் இழைக்கிறவர்களுக்கு. பிஞ்சு விரல் சிவந்துவிடும். 150 வாங்கியதும் சரியாயிற்று. இரண்டாவது தப்பு இன்னும் அழகு. உப்புத்தாளின் சொரசொரப்புப் பக்கத்தில் பென்சில் ஓடாது என்று பின்பக்கம் எழுத்தை வரைந்து வெட்டினேன். பதினெட்டு எழுத்து வெட்டி, அட்டையில் ஒட்டப் போகும்போதுதான் பார்த்தேன், எல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக மாறியிருக்கிறது. ட மேற்குப் பார்த்து நிற்கிறது. ப மட்டும் தப்பியது, அதற்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். ஒரு கத்தரிக்கோலும் மொக்கையாகிவிட்டது. மறுபடி செய்யும்போது எழுத்தை மெல்லிய தாளில் எழுதி, அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒட்டி, அதன் மேலேயே வெட்டினேன்.

உயிர்மெய்க்கு ஒரு சக்கரம் செய்யலாம் என்று ஆசைப்பட்டேன். வெளி வட்டத்தில் மெய், உள் வட்டத்தில் குறியீடு, சுழற்றினால் எழுத்து. ஆண்டர்சன் தெரு காகிதக் கடையில் எடைக்குக் கிடைக்கும் வெட்டுத்துண்டு அட்டையில் செய்தும் முடித்தேன். வேலை செய்யவில்லை. துணைக்கால் வலது பக்கம் வரும், கொம்பு இடது பக்கம் வரும், கொ வந்தால் இரண்டு பக்கமும். கு, டு, மு என்று உகர வரிசைக்கோ பொதுவாக ஒரு குறியீடே இல்லை, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. 216 எழுத்தைச் சுழற்றி எடுக்க முடியாது.

அதனால் சக்கரத்தைப் பிரித்து, ஜன்னல் அட்டையாக்கினேன். நடுவில் மெய் எழுத்தின் உடல், இடது பக்கம் ஒரு பட்டை, வலது பக்கம் ஒரு பட்டை, மேலும் கீழும் இழுக்கலாம். இடது பட்டையில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, ஒரு வெற்றிடம். வலதில் துணைக்கால், ஔகாரத்துக்கு ஒன்று, ஒரு வெற்றிடம். ‘கெ’ வைத்திருந்த பெண் சும்மா வலது பட்டையை இழுத்தாள், துணைக்கால் வந்து நின்றது. ‘கெ... கா... கெகா?’ என்றாள். பக்கத்தில் இருந்தவள் ‘கொ’டீ என்றாள். ‘கொசுவோட கொ!’ மாடியில் கொசுவுக்குப் பஞ்சமில்லை, உதாரணம் கையிலேயே உட்கார்ந்திருந்தது. இகர, உகர வரிசைகளுக்குத் தனித்தனி அட்டைதான், அது இன்னும் பாதி பாக்கி.

நடுவில் ஒரு ஆயா மாடிக்கு வந்து, ‘லை இப்டியா போடுவாங்க?’ என்று தும்பிக்கை வைத்த பழைய லை-யை சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்டினார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர். பிள்ளைகளுக்கு அந்த யானை லை பிடித்துப்போய் அன்று முழுக்க அதைத்தான் வரைந்தார்கள். போகட்டும்.

அரசுப் பள்ளிகளில் 2022இல் ஆரம்பித்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். என் மாடியில் மூன்றும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். அதனால் யார் எந்த நிலை என்று நான் பார்ப்பதில்லை. ஜன்னல் அட்டை ஒருத்தர், கட்டு ஒருத்தர் என்று தானாகப் பிரிந்துகொள்வார்கள்.

பெருக்கலுக்கு மீன். காலி அட்டைப்பெட்டியில் 24 மீன் வெட்டி, சங்கரா, மத்தி, கானாங்கெளுத்தி என்று கலர் அடித்தோம். கூறு போடச் சொன்னேன். நாலு நாலாக ஆறு கூறு, ஆறு ஆறாக நாலு கூறு, மூன்று மூன்றாக எட்டு. ஐந்து ஐந்தாகப் போட்டால் நாலு மிச்சம், ‘அது பூனைக்கு’. நான் மனசுக்குள் சபாஷ் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மூன்றாம் வகுப்புப் பையன் தலையை ஆட்டினான். ‘கூறு இப்டி இருக்காதுக்கா. எண்ணிப் போட மாட்டாங்க. பெரிசு வந்தா கம்மி, பொடிசு வந்தா ஜாஸ்தி.’ அவன் அம்மா மார்க்கெட்டில் கூறு வைத்து விற்பவர். நான் வருஷக்கணக்காகக் கூறு வாங்கிச் சாப்பிட்டவள், ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஜூன் 14 காலையில் கடைசித் தாளைக் கிழித்தார்கள். ஆறு கட்டு, ஒரு தனித்தாள். அன்று ராத்திரி படகுகள் போய்விட்டன. அடுத்த ஞாயிறு நான் நிஜமாகவே இரண்டு கூறு சங்கரா வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். ஒன்றில் ஒன்பது, இன்னொன்றில் ஏழு. பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

சட்டை மாட்டுகிற ஹேங்கரில் இரண்டு ஐஸ்கிரீம் டப்பாவைக் கட்டி ஒரு தராசு செய்து வைத்திருந்தேன், புளியங்கொட்டை நிறுக்க. அதில் இரண்டு கூறையும் வைத்தோம். ஏழு மீன் பக்கம் லேசாகத் தாழ்ந்தது, கிட்டத்தட்ட சமம் என்றே சொல்லலாம். ‘அவங்க கண்ணாலயே நிறுத்துட்டாங்க’ என்றாள் சின்னவள். சரியாகச் சமமாக்கப் பார்க்கலாம் என்று பையன் ஒரு மீனை எடுத்து இந்தப் பக்கம் மாற்ற, ஹேங்கர் நடுவில் வளைந்து, கயிறு அறுந்து, ஒரு டப்பா கவிழ்ந்தது. மூன்று மீன் காலண்டர் கட்டின் மேல் விழுந்தது. மே மாதத்துத் தாள்கள் இரண்டு கட்டு இன்னும் கவிச்சை அடிக்கின்றன, மாற்ற வேண்டும். தராசுக்கு மூங்கில் குச்சி ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.