ஒன்று வீட்டில், ஒன்று வார்டில்

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எனக்கு வளைகாப்பு வைத்திருந்தோம். மும்பை மாட்டுங்காவில் வாங்கிய கண்ணாடி வளையல்கள் செம்பூர் வீட்டில் டஜன் டஜனாகக் காத்திருந்தன. தென்காசியிலிருந்து அம்மாவும் வந்துவிட்டார். அந்த வாரம் செவ்வாய் இரவு பனிக்குடம் உடைந்தது. வயிற்றில் இரட்டை, 29 வாரம்.

மருத்துவமனையில் முதலில் பிரசவத்தைத் தள்ளிப்போடத்தான் பார்த்தார்கள். குழந்தைகளின் நுரையீரல் முதிர்வதற்காக எனக்கு ஸ்டீராய்டு ஊசி, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. வியாழக்கிழமை காலைவரை இழுத்துப் பிடித்தார்கள். அப்புறம் சிசேரியன். மகள் 1,180 கிராம், மகன் 1,040. இரண்டு பேருக்கும் ஃபைலில் என் பெயர்தான். பின்னால் 'ட்வின் ஒன்', 'ட்வின் டூ'. நாங்களே பல நாள் அப்படித்தான் கூப்பிட்டோம்.

"ஏழு மாசப் பிள்ளை தங்கிரும்ளா, எட்டுன்னாத்தான் பயப்படணும்" என்றார் அம்மா. ஊரில் எல்லாரும் சொல்வதுதான். டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம், எட்டு ஏழைவிட எப்போதுமே மேல் என்றார். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அந்த வாரம் எங்கள் வீட்டில் தைரியமாக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ. வாசலில் வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கைவரை கையைக் கழுவ வேண்டும். வளைகாப்பு நடக்க வேண்டிய ஞாயிறன்று நான் அங்கேதான் நின்று கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே மகளுக்கு மூக்கில் சிபேப், அதாவது காற்றை லேசான அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுக்கு உதவும் குழாய். மகனுக்கு அது போதவில்லை. நுரையீரலின் காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் கருவின் கடைசி வாரங்களில்தான் போதிய அளவு ஊறும். அதை மருந்தாகக் குழாய் வழியே மூச்சுக்குழலில் விட்டார்கள். இரண்டு நாள் வென்டிலேட்டர், பிறகு அவனுக்கும் சிபேப்.

இருவருக்கும் தினமும் காஃபீன் கொடுத்தார்கள். நம் ஃபில்டர் காப்பியில் இருக்கிறதே, அதேதான். குறைமாதக் குழந்தையின் மூளை சில சமயம் மூச்சுவிட மறந்துவிடும். 20 நொடிக்கு மேல் நின்றால் அப்னியா என்கிறார்கள். காஃபீன் மூளையை உசுப்பிவிடுமாம். பிறந்த மறுநாளே காப்பிக்குப் பழகிய பிள்ளைகள் என்று என் கணவர் சொன்னபோது, அறுவைத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

எனக்கு உடனே பால் வரவில்லை. சொட்டுச் சொட்டாக வந்த சீம்பாலை சிரிஞ்சில் பிடித்துக் கொடுத்தால், சிஸ்டர் அதைப் பஞ்சில் நனைத்துக் குழந்தைகளின் கன்னத்துக்குள் தடவுவார். முதல் நாலு நாள் வயிற்றுக்குள் விட்ட குழாயில் போனது வேறு அம்மாக்கள் தானம் கொடுத்த பால். சயான் மாநகராட்சி மருத்துவமனையில் 1989இல் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியதுதான் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. எத்தனையோ தடவை அந்த வாசலை பஸ்ஸில் கடந்திருக்கிறேன், உள்ளே இப்படி ஒன்று இருப்பது தெரியாது. தானப் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் கொடுப்பார்களாம். கையெழுத்துப் போட எனக்குத் தயக்கம். அம்மாதான், "உங்க மாமா யார் பால் குடிச்சு வளந்தான்? எங்க அத்தை பால்தானே" என்று பேனாவை என் கையில் கொடுத்தார்.

அளவு எவ்வளவு தெரியுமா? இரண்டு மணிக்கு ஒரு தடவை ஒரே ஒரு மில்லி. அது இரண்டானால் அன்றைக்கு வீட்டில் பண்டிகை. நான் மூன்று மணிக்கொருமுறை, ராத்திரியும் சேர்த்து, பம்ப் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டுமாகச் செய்து போட்டார். பால்சுறாவுக்காகக் கணவர் மீன் மார்க்கெட்டில் அலைந்தார். சுறாவால் பால் ஊறியதா, விடாமல் பம்ப் செய்ததால் ஊறியதா என்று கேட்டால் நான் பம்ப் பக்கம். ஆனால் புட்டு நன்றாக இருந்தது.

பத்து நாள் கழித்துக் கங்காரு முறை ஆரம்பித்தோம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய வழக்கம். டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையை நம் வெற்று மார்பில் நிமிர்த்திவைத்துக் கட்டிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் மானிட்டர் அமைதியாக இருக்கும். மகளைக் கணவரிடமும் மகனை என்னிடமும் கொடுப்பார்கள். ஏன் அப்படிப் பிரித்தோம் என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. நான் இளைத்த பிள்ளையைத்தான் தேடிப் போயிருக்கிறேன். தினமும் காலையில் எடையைக் கேட்கும்போதும் மகள் 20 கிராம் கூடியதில் சந்தோஷப்படாமல், அவன் ஏன் 10 கிராம்தான் ஏறினான் என்று கேட்பேன்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரட்டை என்றால் இரண்டு ஃபைல், இரண்டு டெபாசிட், இரண்டு பில். கணவரின் கம்பெனி காப்பீட்டில், பிள்ளைகளின் பெயரைச் சேர்க்கும்வரை செலவெல்லாம் என் மகப்பேறு வரம்புக்குள்தான் என்றார்கள். அந்த வரம்பு நாலு நாளில் தீர்ந்தது. பிறந்த அன்றே கம்பெனியில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எங்களுக்குச் சொல்ல ஆளில்லை, ஒரு வாரம் போய்விட்டது.

குழாயை எடுத்த பிறகு வாய்வழிப் பால். சிஸ்டர் ஸ்டீல் பாத்திரம் ஒன்றை எடுத்து வந்து, "பாலாடை தெரியுமா?" என்றார். மலையாளி. தெரியுமாவா! நம் வீட்டுச் சங்கு மாதிரி, மூக்கு வைத்த குட்டிக் கிண்ணம். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு அது 'போண்ட்லா'. பாட்டில் காம்புக்குப் பழகாமல் இருக்க இதில்தான் கொடுக்கச் சொன்னார்கள். மகள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். 44ஆம் நாள் அவளுக்கு டிஸ்சார்ஜ், 1,820 கிராம்.

எனக்கு மிகக் கஷ்டமான நாட்கள் அன்றைக்குத்தான் தொடங்கின. வென்டிலேட்டர் நாட்களில்கூட இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். நானும் அங்கே இருந்தால் போதும். இப்போது ஒருத்தி செம்பூரில், ஒருவன் மாட்டுங்கா பக்கம். வெளியே போன குழந்தையைத் திரும்ப வார்டுக்குள் கொண்டுவர முடியாது. அங்கே இருந்தால் இவள் அழுவது காதில் கேட்கும், இங்கே இருந்தால் அவனுடைய மானிட்டர்.

காஃபீனை நிறுத்தி, ஏழு நாள் மூச்சு நிற்காமல் இருந்தால்தான் விடுவோம் என்றிருந்தார்கள். ஐந்தாம் நாள் பாலாடையில் குடித்து முடித்ததும் அவன் உதடு நீலமானது. சிஸ்டர் உள்ளங்காலில் சுண்டினார், மூச்சு வந்தது. எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. அடுத்த தடவை ஆறாம் நாளில் நின்றது. அன்று வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். தரை துடைக்க வந்த மௌஷி ஒன்றும் கேட்காமல், என் காலைச் சுற்றி ஈரம் படாமல் துடைத்துவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் அவனுடைய கண் பரிசோதனை வேறு. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது, அதனால் முப்பது நாளுக்குள் முதல் பரிசோதனை கட்டாயம். மகளுக்குச் சரியாக இருந்தது. இவனுக்கு ஆர்.ஓ.பி. என்ற அந்த விழித்திரைக் கோளாறு, இரண்டாம் நிலை என்றார்கள். லேசர் வேண்டியிருக்குமோ என்று வாராவாரம் பார்த்தார்கள். தானாகவே குறைந்தது.

காலையில் நான் வார்டுக்குப் போவேன், மகளை அம்மா பார்த்துக்கொள்வார். ராத்திரிப் பாலைக் கணவர் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவார்; குர்லாவில் ரயில் மாறி மாட்டுங்கா. ஜூலை மழை எப்படிப்பட்டது என்று மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் குர்லா, சயான் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை. டாக்சி சயான் சர்க்கிளோடு நின்றுவிட்டது. காந்தி மார்க்கெட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். வார்டு வாசலில் காவலாளி, இந்த ஈரத்தோடு உள்ளே விடமாட்டேன் என்றாராம். சிஸ்டர் வெளியே வந்து பாட்டில்களை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார். ஐந்து. ஒன்றுகூடச் சிந்தவில்லை.

61ஆம் நாள் அவனும் வந்தான், 2,060 கிராம். அன்று ராத்திரி நாங்கள் யாரும் தூங்கவில்லை. மானிட்டர் இல்லாத வீட்டில் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை முறை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

பிரசவத் தேதி என்று டாக்டர் முதலில் குறித்திருந்தது ஆகஸ்ட் 11. தடுப்பூசிக்குப் பிறந்த தேதியைக் கணக்கு வைப்பார்கள்; குப்புற விழுவது, தவழ்வது, உட்காருவதற்கெல்லாம் ஆகஸ்ட் 11இலிருந்து எண்ணச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா "ஆறு மாசமாச்சே, இன்னும் உட்காரலையா" என்று கேட்டால், "எங்களுக்கு மூணரைதான்க்கா ஆகுது" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

ஐஸ் பெட்டி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. இப்போது அதில் மீன் வாங்கி வருகிறார்.